வந்தவர் கணக்கா, வராதவர் கணக்கா? ஆராய்ச்சியின் பலனை மலையில் அளக்க நான்கு வழிகள்

நீலகிரி மலையில் கூடலூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் பதினோரு வருடம் களப்பணி மேற்பார்வை பார்த்தேன். வேலையை விட்ட பிறகும் சிலர் தேடி வந்து கேட்கிறார்கள். இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் மேற்படிப்புக்கு ஆய்வேடு எழுதும் இளம் மருத்துவர். இன்னொருவர் பந்தலூர் தாலுகாவில் அரிவாள் செல் நோயாளிகளின் (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய்) பட்டியலை வைத்திருக்கும் செவிலியர். மூன்றாமவர் இரண்டு வருடமாக மருந்துக்குப் பணம் கொடுத்துவரும் சிறிய அறக்கட்டளையைச் சேர்ந்தவர். மூவருக்கும் ஒரே தவிப்பு. ஆராய்ச்சியில் சொன்ன பலன் நம் சனங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? கையில் இருப்பது ஒரு ஆள், ஒரு மாதம், ஒரு ஜீப்புக்கு டீசல்.

அரிவாள் செல் நோயை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் இது இந்த மலையோடு பிறந்த கேள்வி. இந்தியாவில் இந்த நோயின் கூறு இருப்பதை லேமன், கட்பஷ் என்ற இருவர் 1952-ல் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது நீலகிரி மக்களின் ரத்தத்தை. ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து வலி நெருக்கடியை, அதாவது இந்த நோயில் திடீரென வரும் கடும் வலியை, குறைக்கும் என்று அமெரிக்காவில் 299 பெரியவர்களிடம் நடந்த சோதனை 1995-ல் காட்டியது. மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களுக்கு வருடத்துக்கு 4.5 நெருக்கடி, மருந்து எடுத்தவர்களுக்கு 2.5. கைக்குழந்தைகளுக்கும் பயன்படும் என்று 2011-லும், ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்று 2019-லும் முடிவுகள் வந்தன. மருந்து வேலை செய்யுமா என்பது தீர்ந்துபோன கேள்வி. 1952-ல் கை நீட்டி ரத்தம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதை இன்று விழுங்குகிறார்களா என்பதுதான் தீராமல் நிற்கிறது.

எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியைப் பற்றி என்னிடம் கேட்டாலும் ஐந்து கேள்விகளைத்தான் திருப்பிக் கேட்பேன். வராதவர் அதில் தெரிவாரா? எங்கே ஒழுகுகிறது என்று காட்டி, சரிசெய்ய வழி விடுமா? மாற்றம் தெரிந்தால் அது மருந்தால்தான் என்று மனச்சாட்சியோடு சொல்ல முடியுமா? எத்தனை நாள் பிடிக்கும், அது யாருடைய நாள்? யாருக்காவது காயம் ஏற்படுமா?

முதல் கேள்விக்கு நான் அதிக எடை தருகிறேன். காரணத்தை ஒரு கற்பனைக் கணக்காகச் சொல்கிறேன். ஒரு பகுதியில் 100 நோயாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 70 சதவீதம் பேருக்கு நோய் கண்டுபிடித்தாயிற்று. அந்த 70 பேரில் 70 சதவீதத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிக் கொடுத்தவர்களில் 70 சதவீதம் மாதாமாதம் வந்து வாங்குகிறார்கள். வாங்குகிறவர்களில் 70 சதவீதம் ஒழுங்காக விழுங்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் முதல் வகுப்பு மதிப்பெண். ஆனால் கடைசிப் படியில் மிஞ்சுவது 24 பேர். 1999-ல் ரஸ்ஸல் கிளாஸ்கோவும் உடன் இருந்தவர்களும் ஒரு அளவுச் சட்டகம் கொடுத்தார்கள். எத்தனை பேரைச் சேர்ந்தது, பலன் தந்ததா, எத்தனை நிலையங்கள் ஏற்றன, சொன்னபடி நடந்ததா, நீடித்ததா என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னது அது. இந்தப் பெருக்கல் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இடம் மாறினால் பலனும் மாறும் என்பதற்கு நம் மலையிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-லிருந்து இருப்பதால் வெறிநாய்க்கடி ஊசி இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த ஊசியைத் தசையில் முழுக் குப்பியாகப் போடாமல் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில் போட்டாலும் போதும் என்று ஆய்வுகள் சொன்னதால் 2006-லேயே நம் நாட்டில் அனுமதி வந்தது. ஒரு குப்பியைப் பலர் பகிரலாம், பெரிய சேமிப்பு. ஆனால் கரைத்த குப்பியை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அது ஒரு பிரச்சினையே இல்லை. நாளுக்கு ஒருவர் வரும் மலை நிலையத்தில் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஆய்வு சொன்னது உண்மை; அந்தச் சேமிப்பு மட்டும் மலை ஏறவில்லை.

வழி 1: காகிதக் கணக்கு

ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எந்தச் சிகிச்சை வழிகாட்டியில் இடம்பிடித்தது, செய்தியில் வந்ததா என்று எண்ணுவது இந்த வழி. ஒரு கணினியும் இரண்டு நாளும் போதும். யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம்.

ஆனால் இது படித்தவர்களின் கணக்கு. நோயாளி இதில் எங்குமே இல்லை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான முத்தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு லான்செட் இதழில் 1998-ல் வந்த கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதுவும் ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைதான். பயந்துபோய் ஊசி போடாமல் விட்ட பிள்ளைகளும் அதன் தாக்கத்தில் சேர்த்திதான்.

ஆய்வேடு எழுதுபவருக்கு ஒரு எச்சரிக்கை. ஆராய்ச்சி நடைமுறைக்கு வர 17 வருடம் ஆகிறது என்ற வரியைப் பலரும் முதல் பக்கத்தில் போடுகிறார்கள். 2011-ல் இந்த எண்ணின் மூலத்தைத் தேடிப் பார்த்தவர்கள், ஒவ்வொரு ஆய்வும் தொடக்கத்தையும் முடிவையும் வெவ்வேறு இடத்தில் வைத்து அளந்திருப்பதைக் காட்டினார்கள். மருந்து அங்கீகாரம் பெற்ற நாள்தான் முடிவா, எங்கள் பக்கத்து எருமாடு ஊரில் ஒரு குழந்தை அதை விழுங்கிய நாள் முடிவா? அதைச் சொல்லாமல் அந்த எண்ணைப் போடாதீர்கள்.

நிதி விண்ணப்பத்துக்கோ வேலைக்கோ இந்தக் கணக்கு வேண்டுமென்றால் செய்துகொள்ளுங்கள். மலைக்கு இது பதில் தராது.

வழி 2: பதிவேட்டுக் கணக்கு

மருந்து வருவதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வலியோடு வந்து படுத்தார்கள், எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்றினோம் என்று மருத்துவமனை ஏடுகளிலிருந்து எடுப்பது. ஒருவர் உட்கார்ந்தால் ஐந்தாறு நாளில் முடியும். பெரும்பாலோர் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் இதைத்தான் செய்தேன், தப்பாகச் செய்தேன்.

மருந்து ஆரம்பித்த அடுத்த வருடம் எங்கள் ஏட்டில் சேர்க்கை நன்றாகக் குறைந்திருந்தது. சந்தோஷமாக அறிக்கை எழுதினேன். பிறகுதான் தெரிந்தது, சில ஊர்க்காரர்கள் எங்களிடம் வருவதையே நிறுத்தியிருந்தார்கள். எல்லையோரத்துச் சனங்களுக்கு இரவில் வலி வந்தால் கேரளப் பக்கத்துச் சுல்தான் பத்தேரிதான் கிட்டே. பேருந்தும் ஜீப்பும் அங்கேதான் சுலபமாகக் கிடைக்கும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அந்த வருடம் இரண்டு தடவை அங்கே படுத்திருக்கிறாள்; மாத்திரை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. என் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘சேர்க்கை இல்லை, முன்னேற்றம்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த வழியில் வேறு குழிகளும் உண்டு. வலி மிக மோசமாக இருந்த வருடத்தில்தான் ஒருவருக்கு மாத்திரை ஆரம்பிப்போம். மோசமான வருடத்துக்கு அடுத்தது, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் தணிவாகத்தான் இருக்கும். அந்தத் தணிவையும் மருந்தின் கணக்கில் சேர்த்துவிடுவோம். அடுத்தது, முகாம் போட்டுப் பரிசோதனையை அதிகமாக்கினால் லேசான நோய் உள்ளவர்களும் பட்டியலுக்குள் வருவார்கள். யாருக்கும் எதுவும் செய்யாமலே ஆளுக்கு இத்தனை சேர்க்கை என்ற சராசரி இறங்கும். தேசிய ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியதிலிருந்து, 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கோடு முகாம்கள் நடக்கின்றன. ஆகவே இந்தச் சராசரி எல்லா ஊரிலும் ஆடும்.

எண்கள் சிறியவை என்பதை மறக்கவே கூடாது. ஒரு வருடம் 16 சேர்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் 4, அதன் இருமடங்கு 8. அப்படியென்றால் 8-லிருந்து 24 வரை தற்செயலாகவே ஆடலாம். 16 என்பது 11 ஆனதும் கைதட்டாதீர்கள். மாதவாரியாகப் புள்ளி வைத்து, நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் ஆறு புள்ளி தொடர்ந்து விழுந்தால் மாற்றம் உண்மை என்று தரமேம்பாட்டுக்காரர்கள் சொல்வார்கள். அது நல்ல விதிதான். ஆனால் நம் ஊரில் ஜூனில் பிடிக்கும் மழையும் அதற்குப் பின் வரும் குளிரும் சேர்ந்தாலே ஆறு மாதம். போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் பதிவேட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. சேர்க்கை ஏட்டைவிட மருந்தக ஏட்டை எடுங்கள். யார் எந்தத் தேதியில் எத்தனை கேப்சூல் வாங்கினார், எந்த வாரம் இருப்பு தீர்ந்தது என்பது அதில் பச்சையாக இருக்கும். ரத்த அணு எண்ணும் கருவி பழுதான மாதங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை பார்க்காமல் இந்த மருந்தைத் தொடரப் பல மருத்துவர்கள் தயங்குவார்கள், அது சரியான தயக்கம்தான்.

விழுங்கினாரா என்று ரத்தமே சொல்லும் ஒரு வழியும் உண்டு. ஹைட்ராக்ஸியூரியாவை ஒழுங்காக எடுத்தால் சிவப்பணுவின் சராசரிப் பருமன் கூடும். ஆனால் பழங்குடி மக்கள் பலரிடம் ஆல்ஃபா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் குறையும் சேர்ந்திருப்பதால் அந்தப் பருமன் ஆரம்பத்திலேயே தாழ்வாக இருக்கும். பாடப்புத்தகத்து அளவோடு ஒப்பிட்டு ‘இவர் சாப்பிடவில்லை’ என்று திட்டிவிடாதீர்கள். அவருடைய பழைய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வழி 3: வீடு தேடிப் போகும் கணக்கு

பட்டியலில் உள்ளவர்களை அவரவர் ஊரில் போய்ப் பார்த்து, மருந்து இருக்கிறதா, போன மாதம் எத்தனை நாள் வலி, எத்தனை நாள் வேலைக்கோ பள்ளிக்கோ போகவில்லை, எங்கே வைத்தியம் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதுவது இது. நான்கு வழிகளில் மிகவும் செலவானது இதுதான். வராதவரின் முகம் நேராகத் தெரிவதும் இதில்தான்.

அய்யன்கொல்லியில் எங்களோடு வேலை செய்த ஒரு சுகாதாரப் பணியாளர், முதல் நாளே ஏட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: “அக்கா, வராதவங்க பேரை இதுல எங்க எழுதுறது?” தேதி, எடை, ஹீமோகுளோபின், மாத்திரை எண்ணிக்கை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தேன். அதற்கு மட்டும் கட்டம் இல்லை.

போய்ப் பார்த்தபோது ஏடு சொல்லாத காரணங்கள் கிடைத்தன. கேப்சூல் 500 மில்லிகிராம். 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் கிலோவுக்கு 20 என்றால் 240 தான் வேண்டும். ஒரு அம்மா கேப்சூலைத் திறந்து கண்ணளவில் பாதியைச் சோற்றில் கலந்துகொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் மாத்திரை பத்திரமாக இருந்தது, வலி வரும்போது கொடுக்கலாம் என்று. இது தினமும் எடுக்கும் மருந்து என்று நாங்கள் சொன்னோமே தவிர, வலி இல்லாத நாளில் எதற்கு என்று புரியும்படி சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை மருந்து வாங்க வருவதென்றால் தேயிலை பறிப்பவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. இவை மூன்றும் மூன்று வெவ்வேறு ஓட்டைகள், அடைக்கும் விதமும் வெவ்வேறு. அளவைச் சரியாகப் பிரித்துக் கரைசலாகக் கொடுக்க மருந்தாளர் வேண்டும். தினமும் எதற்கு என்று புரியவைக்க அவர்கள் பேச்சிலேயே பேசும் ஒருவர் வேண்டும். கூலி போகாமல் இருக்க இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதோ, 2021-லிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோவதோ வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லாவிட்டால் நான் ஏமாற்றியவள் ஆவேன். யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் நாலு மணிக்குள் திரும்ப வேண்டும். நாளுக்கு ஐந்தாறு வீட்டுக்கு மேல் முடியாது. ஜூலையில் தேவாலா பக்கம் போனால் அட்டையும் மழையும் பாதி நாளைத் தின்றுவிடும். பகலில் போனால் பெரியவர்கள் வேலையில் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் பிடிக்க முடியும். அப்படியானால் பணியாளரின் ஞாயிறு போகிறது, அதற்கு மாற்று விடுப்பு கொடுங்கள். மருந்து கொடுத்த அதே ஆள் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். கேப்சூலை எண்ணிப் பார்ப்பதும், வேறு ஊர்ப் பணியாளரை அனுப்புவதும் நல்லது.

போன இடத்தில் ஒரு பிள்ளை வலியில் துடித்துக்கொண்டிருந்தால் எழுதிக்கொண்டு வர முடியாது. ஜீப்பில் ஏற்றித்தான் ஆக வேண்டும், அன்றைய கணக்கு அன்றோடு நின்றது. திட்டம் போடும்போதே அந்த நாட்களுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

எனக்கு மிகவும் வலித்தது வேறு விஷயம். ஜீப் எந்த வீட்டு முன்னால் நின்றது என்று ஊரே பார்க்கிறது. கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. பிறகு நாங்கள் ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு, கர்ப்பிணி, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எல்லா வீட்டுக்கும் சேர்ந்து போகப் பழகினோம். நாள் கூடுதலாகப் பிடித்தது.

எல்லோரையும் பார்க்க முடியாத அளவுக்குப் பட்டியல் பெரிதென்றால், தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்க உண்டான ஒரு முறை கைகொடுக்கும். ஒரு பகுதிக்கு 19 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 80 சதவீதம் பேராவது ஒழுங்காக எடுக்க வேண்டும் என்பது உங்கள் இலக்கு என்றால், 19-ல் 13 பேராவது தேற வேண்டும். 13-க்குக் குறைந்தால் அந்தப் பகுதி பின்தங்கியிருக்கிறது, அங்கே முதலில் போங்கள். துல்லியமான சதவீதம் இதில் வராது. எங்கே முதலில் ஓட வேண்டும் என்பது வரும். சீட்டில் வந்த பெயர் ரோட்டிலிருந்து தூரம் என்று பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தூரத்து வீட்டுக்காகத்தான் சீட்டே போட்டோம்.

வழி 4: தடம் தேடும் கணக்கு

ஆய்வு எந்தக் கை வழியாக, எந்த முடிவு வழியாக, எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஆட்களிடம் கேட்டும் கோப்புகளைப் பார்த்தும் எழுதுவது இது. 1996-ல் இங்கிலாந்தில் பக்ஸ்டன், ஹேன்னி இருவரும் இதற்கு ஒரு சட்டகம் வகுத்தார்கள். அறிவு, அடுத்த ஆய்வு, கொள்கை, உடல்நலம், பொருளாதாரம் என ஐந்து பைகளில் பலனைப் பிரித்துப் போடுவது. அந்த நாட்டில் 2014-ல் பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிட்டபோது 20 சதவீத மதிப்பெண் இப்படிப்பட்ட தாக்கத்துக்குப் போனது.

நம் மாநிலத்திலேயே தடம் தெளிவாகத் தெரியும் ஆய்வு ஒன்று உண்டு. காசநோய்க்குச் சானடோரியம் (நோயாளிகளை நீண்ட நாள் தங்கவைக்கும் மருத்துவமனை) வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை போதுமா என்று 1956-ல் தொடங்கிய சென்னை காசநோய் மையம் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டு வைத்தியம் குறைந்ததல்ல என்றும், வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்றும் 1959-ல் முடிவு வந்தது. உலகம் முழுக்கச் சானடோரியக் கட்டில்கள் காலியாக அது ஒரு பெரிய காரணம். இங்கே தடம் தெரிகிறது, ஏனென்றால் கேள்வியே நோயாளி வீட்டிலிருந்து எழுந்தது.

பத்து, இருபது வருடம் ஆன ஆய்வுக்கு இது பொருத்தம். இரண்டு வருடத்து மருந்து உதவிக்குப் பொருத்தமில்லை. ஜெயித்தவர்கள் சொல்லும் கதையை மட்டும் எழுதிவிடும் அபாயமும் உண்டு. மருந்து கிடைக்காத ஒருவரையாவது பேட்டி எடுக்காமல் இதை முடிக்காதீர்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

நாட்கள் என் அனுபவத்து மதிப்பு. உங்கள் ரோட்டைப் பொறுத்துக் கூடும், குறையும்.

| | காகிதம் | பதிவேடு | வீடு | தடம் |
|---|---|---|---|---|
| ஒரு ஆளுக்கு நாள் | 2 | 5 அல்லது 6 | 20-க்கு மேல் | 10 முதல் 15 |
| வராதவர் தெரிவாரா | இல்லை | இல்லை. மருந்தக ஏட்டில் பெயர் மட்டும் | ஆம் | தேடினால் |
| ஓட்டை தெரியுமா | இல்லை | இருப்பு, கருவி, இடைவெளி | பெரும்பாலும் | கொள்கையில் மட்டும் |
| மருந்தால்தான் என்று சொல்லலாமா | இல்லை | மிகக் கவனத்தோடு | ஓரளவு | ஓரளவு |
| காயம் | இல்லை | பெயர் வெளியே போனால் | ஊர் கண், கல்யாணப் பேச்சு | குறைவு |

மூவருக்கும் நான் சொன்னது

ஆய்வேடு எழுதும் மருத்துவருக்கு மருந்தக ஏடு. ஒரு வருடத்து முன்-பின் ஒப்பீட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொருவருக்கும் மாத்திரை தொடங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வருடச் சேர்க்கைக் கணக்கு எடுத்தால் அந்த ஒரு மோசமான வருடம் ஏமாற்றாது. பத்தேரியில் படுத்ததையும் கேட்டு எழுத வேண்டும். கேட்காத பட்சத்தில் ‘எங்கள் மருத்துவமனைச் சேர்க்கை’ என்றே தலைப்பில் போட வேண்டும்.

அறக்கட்டளைக்காரர் நான்காவது வழியை விரும்பினார். படம் போட்டு நன்கொடையாளருக்குக் காட்டலாம் என்றார். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தை ஒரு பணியாளரின் மூன்று மாதச் சம்பளமாகக் கொடுக்கச் சொன்னேன். 2022-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அளப்பதும் சரிசெய்வதும் அதில் ஒரே சீட்டில் இருப்பதுதான். நோய் கண்டுபிடித்த உடனேயே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவரை உடனே சேர்த்துவிடுகிறார்கள். அறிக்கைக்காகத் தனியாக அளந்து, அது மேசையில் கிடக்கும் நிலை அங்கே இல்லை.

செவிலியருக்குத்தான் நீண்ட பதில். அவரிடம் இருப்பது அந்த ஒரு மாதம்தான். முதல் ஐந்து நாள் மருந்தக ஏட்டைப் பார்த்து, மூன்று மாதமாக வராதவர் பெயரை மட்டும் தனியாக எழுதுங்கள் என்றேன். ஒழுங்காக வருகிறவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மீதி நாட்களில் அந்தப் பெயர்களைத் தேடிப் போங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரே ஒரு காரணம் எழுதுங்கள்: ஊர் மாறினார், வேறு இடத்தில் வாங்குகிறார், பயந்து நிறுத்தினார், கூலி போகிறது, மருந்து இருப்பில்லை என்று திரும்பிப் போனார், இறந்துவிட்டார். எந்தக் காரணம் அதிகம் வருகிறதோ அதை மட்டும் அடுத்த மூன்று மாதம் சரிசெய்யுங்கள். அதன்பின் அதே பட்டியலை மறுபடி எடுங்கள்.

மழை விட்டு, ரோடு காய்ந்த பிறகு தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். ஏட்டில் கடைசியாக ஒரு கட்டம் புதிதாகப் போட்டுக்கொண்டிருப்பதாக நேற்று போனில் சொன்னார்: ‘கடைசியாக நேரில் பார்த்த தேதி, பார்த்தவர் பெயர்.’